டிரில் மாஸ்டர் இறந்த விதம்

டிரில் மாஸ்டர் தாம் காலமாகிவிட்ட செய்தியை, மகனின் மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்றபடி தெரிந்துகொண்டார்.

ஊரில் பாதிப் பேரை நிமிர்ந்து நிற்கவைத்தவர் அவர். உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவருடைய முதுகு ஓய்வு பெறவில்லை. நாற்காலியில் சாய மாட்டார். பேருந்தில் கம்பியைப் பிடிக்க மாட்டார். "நம்ம குடும்பத்துல யாரும் யார் முன்னாலயும் கூனிக் குறுகி நின்னதில்ல" என்று அவர் சொல்லாமல் கலைந்த விருந்து கிடையாது. அப்படிப்பட்ட குடும்பத்தின் ஒரே பிள்ளை ஆட்சிப்பணித் தேர்வுக்குப் படிக்கிறான் என்பதில் அவருக்குப் பெருமை இருந்தது. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். நேர்காணல்தான் பாக்கி. பயிற்சி மையத்தின் விடுதியிலேயே தங்கியிருந்தவன், போன வாரம் வீட்டுக்கு வந்தபோது கண்ணாடியை மறந்துவிட்டுப் போய்விட்டான்.

பயிற்சி மையம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. படிப்பறை முழுக்க ரப்பர் வாசனை. வரவேற்பில் இருந்த பெண் நல்ல பெண்தான், தலை நிமிராமல் கேட்டாள்.

"யாரைப் பார்க்கணும் சார்?"

"நேர்காணல் பிரிவுல படிக்கிறான். உயரமா இருப்பான். கன்னத்துல மச்சம்."

"ஓ, வரிசையா?"

"என்ன வரிசை?"

"அவரை இங்க அப்படித்தான் சார் கூப்பிடுவோம். அவர் ரூம்லயே வெள்ளம் இருக்கார், தீ விபத்து இருக்கார். பேர் சொன்னா யாருக்கும் தெரியாது. இவரோட அப்பா பென்ஷன் வரிசையில நின்னு இறந்துட்டாரில்ல, அதான் வரிசை." இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "முகச்சாயல் இருக்கே. பெரியப்பாவா நீங்க?"

"நான் அவன் அப்பா."

அந்தப் பெண்ணின் முகத்தில் இரக்கம் பரவியது. "உக்காருங்க சார். தண்ணி கொண்டுவரேன். நெருங்கின சொந்தத்துக்கு இப்படித்தான் சில நேரம் ஆகும்."

அவர் உட்காரவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த சுவரை அப்போதுதான் கவனித்தார். அடி முதல் கூரை வரை சட்டம் போட்ட படங்கள். அம்மாக்கள், அப்பாக்கள், இரண்டொரு தங்கைகள். மேலே பெரிய எழுத்தில் 'எங்கள் அழைப்பு இவர்களிடமிருந்து வந்தது' என்று எழுதியிருந்தது. மூன்றாவது வரிசையில் அவரும் இருந்தார். பள்ளி விளையாட்டு விழாவில் எடுத்த படம். வாயிலிருந்த விசிலை மட்டும் யாரோ அழித்துவிட்டிருந்தார்கள். அதனால், எந்த நேரத்திலும் அழுதுவிடப் போகிறவர்போல உதட்டைக் குவித்துக்கொண்டு, படத்திலிருந்தவர் மாஸ்டரைப் பார்த்தார்.

மையத்தின் இயக்குநருடைய அறைக்குக் கூட்டிப்போனார்கள். அது பனிக்கட்டிபோல் குளிர்ந்தது. இயக்குநர் எழுந்து வந்து கையைப் பிடித்து, பெரிய மனிதர்களை வரவேற்பதுபோல் வரவேற்றார்.

"உயிரோட இருக்கற அப்பாக்கள் நிறையப் பேர் முதல்ல இப்படித்தான் சார் கோபமா வருவாங்க. உக்காருங்க. எழுத்துத் தேர்வு மூளைக்கு. நேர்காணல் இதயத்துக்கு. குழு கேக்கற முதல் கேள்வி என்ன? 'ஏன் பொதுச்சேவைக்கு வர்றீங்க?' உண்மையச் சொன்னா என்ன சொல்லணும்? வீடு, கார், வாசல்ல காவலாள், போற இடமெல்லாம் நாற்காலி. அதைச் சொல்ல முடியுமா? உங்க பையன் முதல்நாள் என்ன சொன்னான் தெரியுமா? 'வேலைய ஒழுங்கா செய்யணும் சார்'னான். ஒழுங்கா வேலை செய்யறதுக்கு யாராவது அதிகாரியா வருவாங்களா? குழு சிரிச்சிராது? அதனாலதான் ஒரு காயம் வேணும்ங்கறோம். ஆறாத காயம். சேவைக்கான அழைப்பு அது வழியாத்தான் வரும்."

"காயம் இல்லாதவன்?"

"தோத்துப்போவான்." இயக்குநரின் குரல் கரகரத்தது. "நானே எழுதி எழுதித் தோத்தவன் சார். நல்லாத்தான் படிச்சேன். ஆனா எங்க வீட்ல யாரும் சாகல."

பிறகு மாஸ்டரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்க் கடைசி நாற்காலியில் உட்காரவைத்தார். மாதிரி நேர்காணல் நடக்கும் அறை. நீள மேசை, பின்னால் மூன்று வயதானவர்கள். எதிரே ஒற்றை நாற்காலி. பையன் கோட்டும் டையுமாக வந்து உட்கார்ந்தான். கண்ணாடி அப்பாவின் கையில் இருந்ததால் கடைசி நாற்காலியில் யார் இருக்கிறார் என்பது அவனுக்குப் புகையாகத்தான் தெரிந்திருக்கும்.

"ஏன் பொதுச்சேவைக்கு வர்றீங்க?"

பையன் கொஞ்சம் தாமதித்தான். அந்தத் தாமதமும் பயிற்சிதான் என்பது மாஸ்டருக்குப் பின்னால்தான் புரிந்தது.

"எங்கப்பா ஒரு ஜன்னல் முன்னாடி செத்துப்போனார் சார். பென்ஷனுக்காகத் தினம் போவார். வரிசை நகராது. ஒருநாள் அவர் முறை வந்தப்ப ஜன்னலை மூடினாங்க. அப்பா பின்பக்கமா சுத்திப் போய் அந்த எழுத்தரோட காலைப் பிடிச்சார். 'ஐயா, வீட்ல பிள்ளை பசியோட இருக்கான், தயவு பண்ணுங்க'ன்னார். பிடிச்ச கை விடல. அப்படியே சாஞ்சுட்டார். அந்த ஜன்னலை உள்ளேயிருந்து திறக்கற ஆளா நான் இருக்கணும்னு அன்னைக்கு முடிவு பண்ணேன்."

இடது கண்ணில் ஒரு துளி திரண்டு, விழாமல் விளிம்பில் நின்றது. மேசைக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் "விழல! பிரமாதம்!" என்றார்.

பாவம், எப்பேர்ப்பட்ட மனிதன் என்று அந்த அப்பாவுக்காக மாஸ்டர் ஒரு கணம் உருகிப்போனார். அடுத்த கணம்தான் அந்த மனிதன் யார் என்பதும், அவன் கை எங்கே இருந்தது என்பதும் உறைத்தது.

"நிறுத்து!"

மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும் குரல் அது. மேசைக்குப் பின்னால் இருந்த மூவரும் எழுந்து விறைப்பாக நின்றுவிட்டார்கள். பையன் குரல் வந்த திசையில் திரும்பினான்.

"அப்பா..."

"ஐயோ, அந்த வார்த்தையச் சொல்லாதே!" என்று இயக்குநர் பதறினார். "பழக்கம் விட்டுப்போறதுக்கு எத்தனை பாடுபட்டிருக்கோம்!"

"செத்துட்டேன்னு சொன்னியே, அதை விடு" என்றார் மாஸ்டர். "மனுஷன்னா என்னைக்கோ சாகத்தான் வேணும். காலைப் பிடிச்சேன்னு ஏன்டா சொன்ன? யார் காலை நான் பிடிச்சேன்?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். "அம்மாவைச் சொல்லலாம்னாங்கப்பா. எனக்கு மனசு வரல."

"என்னைச் சொல்ல வந்துச்சாக்கும்!"

"நீங்க தாங்குவீங்கன்னு நினைச்சேன்."

மாஸ்டர் கண்ணாடியை அவன் கையில் வைத்துவிட்டு, இயக்குநரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். சாவு இருக்கட்டும், அந்தக் கால் மட்டும் வேண்டாம். நின்றபடியே செத்ததாக மாற்றிவிட முடியுமா?

"முடியாது சார்" என்றார் இயக்குநர் மிகுந்த மரியாதையோடு. "நிமிர்ந்து நின்ன மனுஷன் செத்தா குழுவுக்கு என்ன வருத்தம்? திமிர் பிடிச்சவன், போகட்டும்னு விட்டுருவாங்க. வாழ்க்கை முழுக்க அவங்க முன்னாடி குனிஞ்சவங்களைத்தான் பார்த்திருக்காங்க. பழகின முகமா இருந்தாத்தானே இரக்கம் வரும்?"

பின்படிக்கட்டு வழியாகத்தான் அவரை அனுப்பினார்கள். முன்வாசலில் புதிய மாணவர்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். சுவரில் இருப்பவர் படியிறங்கி வருவதைப் பார்த்தால் நம்பிக்கை குலைந்துவிடும் என்றார்கள். பின்படியில் ஒரு பெண்மணி மடியில் துவைத்த துணிகள் அடங்கிய பையோடு உட்கார்ந்திருந்தார்.

"புதுசா?" என்று கேட்டார்.

"எதுக்குப் புதுசு?"

"எப்படிப் போனீங்கன்னு கேக்கறேன். நான் வெள்ளத்துல போனேன். மகனுக்குத் துணி கொண்டுவந்திருக்கேன், இருட்டின பிறகு மேல வாங்கிக்குவாங்க."

"ரொம்ப நாளாச்சா?"

"அவன் மொதத் தடவை எழுதினப்பவே போயிட்டேன். தேறல. ரெண்டாந்தடவை கதையைக் கொஞ்சம் மாத்தி, தங்கச்சியையும் சேர்த்து வெள்ளத்துல விட்டான். அப்பவும் தேறல." அவர் குறைப்பட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை. "ஆரம்பத்துல ஒருமாதிரி இருக்கும். அப்புறம் பழகிடும். இப்பல்லாம் பஸ்ல கண்டக்டர் என்கிட்ட டிக்கெட்டே கேக்கறதில்ல. நான் நீட்டினாலும் பார்க்கறதில்ல. அது ஒண்ணுதான் கொஞ்சம் பயமா இருக்கு."

மாஸ்டர் விடுவிடென்று நடந்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"போன மாசமே சொன்னான். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இருந்தேன்."

"உனக்குத் தெரியுமா?"

"நேர்காணல் முடியற வரைக்கும்தானேங்க. கொஞ்ச நாளைக்குச் செத்த மாதிரி இருங்களேன். பிள்ளைக்காக இதுகூடச் செய்ய மாட்டீங்களா? உங்களுக்கென்ன, சும்மா உக்காந்திருக்கறதுதானே?"

"நான் சும்மா உக்காந்து பார்த்திருக்கியா நீ?"

"அதான் சொல்றேன். உங்களுக்கும் ஒரு ஓய்வா இருக்கும்."

அடுத்த வாரம் மையத்திலிருந்து கள ஆய்வாளர் என்று ஒருவர் வந்தார். குழு ரகசியமாக விசாரிக்க ஆள் அனுப்பலாமாம். வாசலில் கிடந்த மாஸ்டரின் செருப்பை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னார். கொடியில் காய்ந்த வேட்டியை உருவினார். போகும்போது மனைவியிடம், "அம்மா, உங்க குரல்ல இன்னும் அதட்டல் இருக்கு. அது புருஷன் இருக்கற பொம்பளையோட குரல். கொஞ்சம் இறக்கிப் பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெருவுக்கும் சொல்லி வைத்தார்கள். யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. நம்ம தெருவுக்கு ஒரு அதிகாரி வரப்போகிறார் என்றதும் எல்லோரும் முன்வந்தார்கள். மளிகைக்கடைக்காரருக்குச் சாக்கடை பிரச்சினை. முடிவெட்டுபவருக்குப் பக்கத்துக் கடைக்காரனோடு எல்லைத் தகராறு. சீட்டாட்ட நண்பர்களில் ஒருவருக்கு மருமகனின் இடமாற்றம். ஒரு மனிதரைப் பார்க்காமல் இருப்பது அவ்வளவு பெரிய உதவியா என்ன?

முடிவெட்டும் கடையில் மாஸ்டர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கடைக்காரர் துணியை உதறிப் போர்த்தினார். கத்தரியை எடுத்தவர் என்ன நினைத்தாரோ, துணியை உருவி மடித்துவிட்டு, "அடுத்தது யாருப்பா, நாற்காலி காலியா இருக்கு" என்றார். காத்திருந்த ஆள் வந்து மடியிலேயே உட்கார்ந்துவிடுவான் போலிருந்தது. மாஸ்டர் எழுந்துகொண்டார்.

சீட்டாட்டத்தில் அவர் இடத்தை விட்டுவைத்திருந்தார்கள். அந்த வரைக்கும் மரியாதை. ஆனால் அவருக்குச் சீட்டுப் போடவில்லை. பக்கத்தில் இருந்தவர் தப்பான சீட்டை இறக்கப்போவது பொறுக்காமல் மாஸ்டர், "இஸ்பேட்டைப் போடுய்யா!" என்றார். அந்த மனிதர் கையை நிறுத்தி, காற்றில் எதையோ கேட்டவர்போல் கூரையைப் பார்த்தார். பிறகு இஸ்பேட்டைப் போட்டார். "மாஸ்டர் இருந்தா இதைத்தான் போடச் சொல்லியிருப்பார்" என்றார். மற்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். அது நடிப்புப் பெருமூச்சாக இல்லை. அதுதான் மாஸ்டரை வீடு வரைக்கும் துரத்தியது.

வீட்டில் மனைவி எதிர்வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். "சில நேரம் அந்த நாற்காலியில உக்காந்திருக்கற மாதிரியே இருக்கு அக்கா."

"உக்காந்துதான்டி இருக்கேன்!" என்றார் மாஸ்டர், அந்த நாற்காலியிலிருந்து.

எதிர்வீட்டுக்காரி போன பிறகு மனைவி நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் உலுக்கிக்கொண்டவள்போல, "என்ன சொன்னீங்க?" என்றாள். குரல் உண்மையாகவே இறங்கியிருந்தது.

பையன் தேறிவிட்டான். வரிசை எண்ணும் நல்ல எண். தெருவே வீட்டுக்குள் வந்து இனிப்பைத் தின்றது. மாஸ்டர் மறுநாள் காலையிலேயே சவரம் செய்து, செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இயக்குநர் முன்னால் போய் நின்றார்.

"முடிஞ்சுதில்ல? இனிமே நான் உயிரோட இருக்கேன்னு சொல்லிடலாம்ல?"

இயக்குநர் சங்கடப்பட்டார். "சார், இப்பத்தானே ஆரம்பமே. பணிப் பயிற்சியில பேசச் சொல்வாங்க. போற ஊரெல்லாம் பள்ளி விழாவுல பேசச் சொல்வாங்க. பதவி உயர்வு நேரத்துல மேலதிகாரி வீட்டம்மா கேப்பாங்க. அப்பா இல்லாம அவன் எப்படி சார் சேவை செய்வான்? அதாவது, அப்பா இருந்தா எப்படிச் செய்வான்?"

"அப்ப நான் என்னைக்குத்தான்..."

"இயற்கையா வரும்போது வரட்டும் சார். அப்ப தேதிய மட்டும் நாம கமுக்கமா சரிபண்ணிக்கலாம்."

"அந்தக் காலையாவது எடுத்துடுங்க" என்றார் மாஸ்டர். அவர் யாரிடமும் இவ்வளவு தணிந்த குரலில் எதையும் கேட்டதில்லை. கேட்டுவிட்டதை உணர்ந்ததும் சட்டென்று வாயை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

பாராட்டு விழாவை ஒரு கட்டடத்தின் மாடி மண்டபத்தில் வைத்திருந்தார்கள். மனைவிக்கு முன்வரிசையில் இடம். மாஸ்டருக்கு அழைப்பு இல்லை. என்றாலும் போனார். ஒரே ஒரு தடவை, நாலு பேர் நடுவில், இதுதான் என் அப்பா என்று பிள்ளை வாயால் சொல்லிக் கேட்க வேண்டும். இல்லையென்றால் அந்த எழுத்தரின் காலையாவது அவன் கதையிலிருந்து விட்டுவிட வேண்டும். இரண்டில் ஒன்று கிடைக்காமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தார். கடைசி வரிசையில் சாயாமல் உட்கார்ந்தார்.

பையன் மேடையில் கதையைச் சொன்னான். ஜன்னல் வந்தது, எழுத்தரின் காலும் வந்தது. ஆனால் காலைச் சொல்லும்போது அவன் பார்வை கடைசி வரிசைக்கு வந்து மாட்டிக்கொண்டது. இப்போது கண்ணாடி போட்டிருந்தான். குரல் உடைந்து, அடுத்த சொல் வராமல் நின்றான். மண்டபமே விம்மியது. இயக்குநர் பக்கத்தில் இருந்தவரிடம், "இதை நாங்க சொல்லித்தரல" என்றார்.

சிறப்பு விருந்தினர் எழுந்தார். நேர்காணல் குழுவில் இருந்தவர், பெரிய பெரிய பதவிகளைப் பார்த்தவர். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தத் தம்பி குழு முன்னாடி இதைச் சொன்னப்ப நான் ஆடிப்போயிட்டேன். ஏன்னா அந்த ஜன்னல் எந்த ஜன்னல்னு எனக்குத் தெரியும். அது எங்க துறை ஜன்னல். அதை மூடச் சொல்லி உத்தரவு போட்டதே நான்தான். இன்னைக்கும் அது மூடித்தான் இருக்கு." கைதட்டல். "பல பேர் கேக்கறாங்க, ஏன் மூடி வெச்சிருக்கீங்கன்னு. நான் திருப்பிக் கேக்கறேன். அன்னைக்கு அது திறந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒரு கிழவர் பென்ஷன் வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். அவ்வளவுதான். இப்படி ஒரு அதிகாரி நமக்குக் கிடைச்சிருப்பாரா? மூடின ஒவ்வொரு ஜன்னலும் ஒரு வருங்கால அதிகாரியை உருவாக்குது. இதுக்கு மேல ஒரு துறை மக்களுக்கு என்ன சேவை செய்ய முடியும்? இந்த இளைஞன் நாளைக்கு அதே நாற்காலியில வந்து உக்காருவான். நாங்க கட்டிக் காத்ததை அவனும் கட்டிக் காப்பான். அந்த மாமனிதருக்காக எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்."

மண்டபம் எழுந்தது. மாஸ்டர் எழவில்லை. தமக்கே தாம் எழுந்து நிற்பதா? முழங்காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேற்பார்வைக்கு நின்ற இளைஞன் ஓடி வந்து காதில், "ஐயா, செத்தவங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? இந்த வயசுல இப்படியா?" என்றான்.

மரியாதை தெரியாதவர் என்று அவரை ஒருவன் சொல்லிவிட்டான். எழுந்தார். குதிகால் சேர்ந்தது, தோள் விரிந்தது, பார்வை நேராயிற்று. அந்த மண்டபத்தில் வேறு ஒருவரும் அப்படி நிற்கவில்லை. தலையைத் தொங்கப்போட்டிருந்த கூட்டத்துக்கு நடுவில் அவர் ஒருவர் மட்டும் கம்பம்போல நின்றார். மௌனம் முடியும்வரை பையன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் கலையும்போது பத்திரிகைக்காரர் ஒருவர் நேராக அவரிடம் வந்தார். "எவ்வளவு நேர்த்தியா நின்னீங்க ஐயா! நீங்க யாரு?"

அதற்குள் பையனும் மேடையிலிருந்து இறங்கி, ஆட்களை விலக்கிக்கொண்டு எதிரே வந்துவிட்டான். அவன் தோளில் இயக்குநரின் கை இருந்தது. பையனின் உதடுகள் பிரிந்தன. எந்தச் சொல்லுக்காகப் பிரிந்தன என்பது தகப்பனுக்குத் தெரியாதா? சொன்னால், இத்தனை பேர் நடுவில் பொய்யன் ஆவான். வேலை போகும், பேர் பத்திரிகையில் நாறும். சொல்லாமல் மென்று விழுங்கினால், பெற்றவனை எதிரே வைத்துக்கொண்டு இல்லை என்றவன் ஆவான். இரண்டுமே அந்தக் குடும்பத்தில் நடந்ததில்லை. பிள்ளை இரண்டில் எதையும் செய்வதற்கு முன்னால் மாஸ்டர் முந்திக்கொண்டார்.

"நான் இவங்க அப்பாவுக்குத் தெரிஞ்சவன்."

பையனின் வாய் அப்படியே நின்றது.

"அப்படியா! கடைசி நேரத்துல கூட இருந்தீங்களா?" என்றார் பத்திரிகைக்காரர்.

"பக்கத்துலயே இருந்தேன். தம்பி அப்ப சின்னவர், தூரத்துல இருந்து பார்த்திருக்கார். சரியாத் தெரிஞ்சிருக்காது. நான் சொல்றதை எழுதிக்குங்க. அவர் யார் காலையும் பிடிக்கல. ஜன்னலை மூடினாங்க. மூடட்டும்னு நேரா நின்னார். நின்னபடியே போயிட்டார். அந்த எழுத்தர்தான் பயந்து எழுந்து நின்னார்."

"நின்னபடியே!" என்று பத்திரிகைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்.

"சாட்சி!" என்றார் இயக்குநர், வியப்பு தாங்காமல். "நம்மகிட்ட சாட்சிங்கற பிரிவே இல்லையே! ஐயா, வேற பிள்ளைங்களோட அப்பாக்களையும் உங்களுக்குத் தெரியுமா? அடுத்த வருஷம் நாலஞ்சு பேர் இருக்காங்க."

பையன் இரண்டு கைகளையும் நீட்டி அவருடைய கையைப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. இயக்குநர்தான் பிரித்துவிட வேண்டியிருந்தது.

"ரொம்ப நன்றி..." என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஐயா" என்றான்.

"நல்லா இரு தம்பி" என்றார் மாஸ்டர்.

குறுகலான படிக்கட்டு. அடுத்த நிகழ்ச்சிக்கு ஒரு பெரிய கூட்டம், கைப்பிடிச் சுவரிலிருந்து மறுசுவர் வரை அடைத்துக்கொண்டு, சிரித்துப் பேசியபடி மேலே ஏறி வந்தது. அவர் நடுவிலேயே, கைப்பிடியைத் தொடாமல், நிமிர்ந்த முதுகோடு இறங்கினார். யாரும் அவருக்கு வழி விடவில்லை. ஆனாலும் கீழே போய்ச் சேரும்வரை அவர் தோள் ஒருவர் மேலும் இடிக்கவில்லை.